சிவப்புப் புள்ளி எண் நான்கு

ஸ்டென்வில் இயந்திரக் கூட்டுறவுச் சங்கத்தின் உதிரிபாகக் கவுண்டரில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். பெல்ட், பேரிங், ஃபில்டர் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் வயலுக்குப் போகும். போன வருடத்திலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்தது. திங்கள்தோறும் திறன் அலுவலகம் அனுப்பும் வரைபடங்களை அச்சடித்து, உறையில் போட்டு, அந்தந்த விவசாயியிடம் கொடுக்க வேண்டும். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் பங்குண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தார் மாதிரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட எனக்கு வராது.

சங்கத்தில் இருபத்தாறு பண்ணைகள். பெரிய அறுவடை இயந்திரங்கள் மூன்று. யாருக்கு எப்போது இயந்திரம் என்பதை முன்பெல்லாம் ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்போம். தொப்பி யாருடையது என்பதில் மட்டும் சில வருடங்கள் சண்டை வரும். இது அறிவியல் அல்ல என்று நகரத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார். உடனே சங்கத்தின் மாடியில் நான்கு அறைகள் கட்டி, திறன் அலுவலகம் என்று பலகை மாட்டி, கார்லீன் ஸ்டோப் என்ற அம்மாளை இயக்குநராகவும், டாரில் என்ற இளைஞனை ஆலோசகனாகவும், கூட இரண்டு குமாஸ்தாக்களையும் உட்கார வைத்தார்கள். டாரில் கெட்டவன் அல்ல. அவன் பூட்ஸ் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

உறுப்பினர்களின் டிராக்டர், விதைக்கும் இயந்திரம், மருந்தடிக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பெட்டி பொருத்தினார்கள். ஓட்டுகிறவன் முன்னால் ஒரு திரை. விதைப்பு முதல் அறுவடை வரை இயந்திரத்தை எவ்வளவு திறமையாக ஓட்டுகிறான் என்று அது மதிப்பெண் போடும். எழுபத்தைந்துக்கு மேல் வாங்கினவர்களுக்கு செப்டம்பரில் அறுவடை இயந்திரம். மற்றவர்களுக்கு அக்டோபரில், 'பனி அனுமதித்தால்' என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தது. அந்த அனுமதிக்கு யாரிடம் மனுப் போடுவது என்று ஒருவர் எழுந்து கேட்டார். அவருக்கு ஒரு மதிப்பெண் கழித்தார்கள்.

தொண்ணூறு விநாடிக்கு மேல் இயந்திரம் நின்றால் காரணம் சொல்ல வேண்டும்; நின்ற இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும். காரணங்கள் மொத்தம் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 07 டீசல் ஊற்றுவது. 12 கல் பொறுக்குவது. 19 இயற்கை உபாதை, உச்ச வரம்பு நான்கு நிமிடம். அறுபது வயது தாண்டியவர்கள் பிறப்புச் சான்றிதழ் காட்டினால் ஐந்து. 23 வழியில் மூஸ் மான் நிற்பது. 31 வானிலை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால் அது 'பணிக் கைவிடல்', கழிவு இரண்டு மடங்கு.

'நேரத்தை வீணாக்காமல் விதைப்பது எப்படி' என்ற பயிற்சி முகாம் மே மாதம் இரண்டாம் வாரம், குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்கத்தில் இரண்டு முழு நாட்கள் நடந்தது. வெளியே நல்ல வெயில், மண் பதமாகக் காய்ந்திருந்தது. இருபத்தாறு பேரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாக அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விதைப்புத் தாமதம் என்று எல்லாருக்கும் மதிப்பெண் குறைந்தது.

மைரன் ஹலுஷ்காவுக்கு அறுபத்தொரு வயது. அதட்டிப் பேசத் தெரியாதவன். அதற்கு முந்தின வருடம் அக்டோபர் மூன்றாம் தேதி பனி விழுந்து அவன் கோதுமை முழுக்கக் கீழே படுத்து, மாட்டுத் தீவனமாகப் போயிற்று. அவன் உழும் நிலத்தில் பாதி குத்தகை. இன்னொரு பயிர் பனிக்குள் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று கால்கரி நகரத்தில் இருக்கும் நிலக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே செப்டம்பர் முறை மைரனுக்கு உயிர். எழுபத்தைந்து வேண்டும். மே மாதக் கடைசியில் அவனிடம் அறுபத்தொன்று இருந்தது.

குறைந்ததில் மூன்று ஒரு பறவையால் போனது. வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, ஆள் வந்தால் சிறகொடிந்த மாதிரி நடிக்குமே, அந்தப் பறவை. மைரன் அதன் கூட்டைச் சுற்றி வளைந்து விதைத்தான். கோடு நேராக இல்லை என்று திரை கண்டித்தது. கூட்டை 'நிரந்தரத் தடை' என்று பதிவு செய்தால் மதிப்பெண் திரும்பக் கிடைக்கும் என்று டாரில் யோசனை சொன்னான். படிவத்தில் தடையின் உரிமையாளர் பெயர் கேட்டிருந்தது. மைரன் 'பறவை' என்று எழுதினான். உரிமையாளர் கையெழுத்து இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. அதற்குள் குஞ்சுகள் பொரித்து நடந்தே போய்விட்டன.

மீதியில் பெரும்பகுதி சிவப்புப் புள்ளி எண் நான்கால் போனது.

அந்த வரைபடத்தை அச்சடித்தவள் நான்தான். மைரன் கவுண்டருக்கு வந்தபோது டாரிலும் மாடியிலிருந்து இறங்கி வந்தான். உறையைப் பிரித்துக் கவுண்டர் மேல் விரித்தான். மைரன் நிலத்தின் வடகிழக்கு மூலையில், வேலி முடியும் இடத்தில், தக்காளிப் பழம் மாதிரி ஒரு சிவப்பு வட்டம்.

"மைரன், இங்க பாருங்க. இருபது நாள்ல ரெண்டு மணி இருபது நிமிஷம் இந்த ஒரே எடத்துல நின்னிருக்கீங்க. இன்ஜின் வேற ஓடுது. அங்க என்ன இருக்கு? குட்டையா, கல்லா?"

"செல்மர் இருக்கான்," என்றான் மைரன்.

டாரில் கையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"செல்மர்னு நம்ம பட்டியல்ல எதுவும் இல்லயே. அத அங்கேர்ந்து எடுத்துட முடியுமா?"

"எத?"

"அந்த செல்மர."

செல்மர் என்பது ஆள் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. டாரிலுக்குப் பெரிய நிம்மதி. கல் என்றால் தோண்ட ஆள் தேட வேண்டும், மனிதன் என்றால் சொன்னால் போதும் என்றான்.

செல்மர் டாலன் பக்கத்து நிலத்துக்காரன். அறுபத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவன், சங்கத்தில் சேராதவன். அவன் டிராக்டரின் இடது கதவில் கண்ணாடி போய்ப் பத்து வருடமாகிறது. அந்த டிராக்டர் என்ன நிறம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. சங்கத்தார் போய்க் கேட்டபோது, "என் வண்டில ரேடியோவே பாடல. அதுல பேசற பெட்டி எதுக்கு?" என்று அனுப்பிவிட்டான்.

வயலில் வேலை இருக்கும் நாளெல்லாம் மாலை ஆறு மணிக்கு மைரன் வேலிக்கு இந்தப் பக்கம், செல்மர் அந்தப் பக்கம், ஜன்னலுக்கு ஜன்னல் வண்டியை நிறுத்துவார்கள். இருபத்தேழு வருடப் பழக்கம். முதலில் வந்தவன் காத்திருப்பான். செல்மர் ஒரு கை சூரியகாந்தி விதையை இந்தப் பக்கம் கொட்டுவான். இரண்டு பேரும் மென்று தோலைத் துப்பிக்கொண்டே மழையைப் பற்றி, இடுப்பு வலியைப் பற்றி, கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்து போன வருடத்துப் பருந்துதானா என்பதைப் பற்றிப் பேசுவார்கள். சில நாள் எதுவும் பேசமாட்டார்கள். ஏழு நிமிடம். பிறகு அவனவன் வழி. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. பகை ஒன்றும் இல்லை, எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான். தொலைபேசியும் அப்படித்தான், மணி அடித்தால் ஒன்று மாடு வேலி தாண்டியிருக்கும், இல்லை யாரோ செத்திருப்பார்கள்.

ஜூன் முதல் வாரம் மைரன் நிற்காமல் போனான். போகும்போது திரையைக் கையால் காட்டி, தோளைக் குலுக்கினான். செல்மர் சிரித்தான். மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். எங்கள் ஊர் வணக்கம் அது. செல்மரும் இரண்டு விரல் தூக்குவான். ஆனால் நிற்பதை அவன் விடவில்லை. தன் ஏழு நிமிடத்தைத் தனியாக நின்று முடித்துவிட்டுப் போவான். மைரன் மதிப்பெண் அறுபத்தெட்டு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் திறன் பாடம் வைத்தார்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. கடைசியில் செல்மரிடம் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலைக் கடைசியில் செல்மர் கவுண்டருக்கு வந்தபோது நான் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாமென்று மைரன் சொல்லச் சொன்னான், அறுவடை முடிந்ததும் பழையபடி நிற்பானாம் என்றேன்.

"கோவம் என்ன இருக்கு. அவன் பயிர் அவனுக்கு." சட்டைப் பையில் எதையோ தேடினான். "அறுவட முடிஞ்சா... சரி, பாக்கலாம். ஆயில் ஃபில்டர் ஒண்ணு குடு வெர்னா."

"எப்பவும் ரெண்டு வாங்குவியே?"

"ஒண்ணு போதும்."

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் பதினாலு உறை பாக்கி இருந்தது. அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள். மைரனிடம் எழுபத்து நாலே முக்கால் இருந்தது. செல்மர் அன்று வண்டியில் உட்கார்ந்திருக்கவில்லை. இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஒரு கையால் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி நின்றிருந்தான். மைரன் வேகத்தைக் குறைத்தான். திரை உற்சாகமான குரலில், "வேகம் குறைகிறது. எல்லாம் நலமா?" என்று கேட்டது. இன்னும் கால் மதிப்பெண் இருந்தால் போதும் என்று அவன் மனதில் ஓடியதாம். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது செல்மர் கை இறங்கவில்லையாம்.

மறுநாள் அந்த மூலையில் யாரும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்பாடா, புரிந்துகொண்டான் என்று மைரன் நினைத்தான். இதை அவனே என்னிடம் சொன்னான். அப்பாடா என்று நினைத்தேன் வெர்னா என்றான்.

மதிப்பெண் எண்பத்தொன்று, எண்பத்தெட்டு என்று ஏறித் தொண்ணூற்று மூன்றில் நின்றது. சங்கத்திலேயே முதலிடம். ஆகஸ்ட் கடைசியில் கர்லிங் அரங்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். வெளியே பயறு காய்ந்து நெற்று வெடிக்கிற பதத்தில் நின்றது, உள்ளே நேரச் சிக்கனம் பற்றி இரண்டரை மணி நேரம் பேசினார்கள். கார்லீன் அம்மாள் பேச்சில் சிலதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"நண்பர்களே, மூணு மாசத்துக்கு முன்னாடி நம்ம மைரன்கிட்ட ஒரு பிரச்சன இருந்துது. அவர் நின்னாரு. இன்னிக்கு அவர் நிக்கறதே இல்ல. சில பேர் எங்கள கேக்கறாங்க, நீங்க நாலு பேரும் விதைக்கறதில்ல, அறுக்கறதில்ல, உங்களுக்கு என்ன தெரியும்னு. அதனாலதாங்க எங்களால ஒரு நிமிஷம்கூட வீணாக்காம இருக்க முடியுது. ஒரு மனுஷனோட கவனத்த இழுக்கற எல்லாத்தயும் ஒண்ணொண்ணா எடுத்துட்டா, மிச்சம் இருக்கறது சுத்தமான வேல மட்டும். மைரன்கிட்ட இப்ப அது மட்டும்தான் இருக்கு."

பிறகு பெரிய திரையில் இரண்டு வரைபடம் காட்டினார்கள். ஒன்றில் சிவப்புப் புள்ளி எண் நான்கு. இன்னொன்றில் அந்த மூலை வெள்ளையாக இருந்தது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். வெள்ளை மூலையைச் சட்டம் போட்டு மைரன் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மைரன் வீட்டில் தொலைபேசி அடித்தது. மாடு வேலி தாண்டிவிட்டது என்று நினைத்து அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டேதான் எடுத்தான்.

பேசினது செல்மரின் தங்கை சிக்னி. முந்தின இரவு சஸ்காட்டூன் ஆஸ்பத்திரியில் செல்மர் போய்விட்டான். கணையத்தில் புற்றுநோய். ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாண்ட்விச்சும் ஊறுகாயும் காபியும் வைத்திருந்தார்கள். மைரன் சுவரோரமாகக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் இருந்தேன். சிக்னி நேராக அவனிடம் வந்தாள்.

"டாக்டர் சொன்னதுமே நான் கெளம்பி வரேன்னேன். இரு, மொதல்ல மைரன்கிட்ட சொல்லணும்னான். ஃபோன் பண்ணித் தொலையேன்டான்னேன். இது ஃபோன்ல சொல்றதில்ல, வேலியோரமா சொல்லிக்கறேன்னான். பயிர நீங்கதான் அறுத்துக் குடுக்கணும்னு கேக்கணுமாம். சொன்னானா?"

மைரன் கோப்பையைப் பக்கத்து நாற்காலி மேல் வைத்தான்.

"சொல்ல வந்தான்," என்றான்.

செல்மர் சொல்லிவிட்டதாகவே அவள் எடுத்துக்கொண்டாள். அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

செப்டம்பர் ஆறாம் தேதி மைரன் முறை வந்தது. மூன்று நாட்களுக்கு இயந்திரம் அவனுடையது, அதுவும் முதல் ஆளாக. அவன் கோதுமை தயாராக நின்றது. அதைத் தாண்டி இயந்திரத்தை நேராகச் செல்மர் வயலுக்கு ஓட்டிப் போனான். அங்கே ஏற்கெனவே சங்கத்தில் சேராதவர்களின் மூன்று பழைய இயந்திரங்கள் அறுத்துக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அறுவடைக்கு முன் ஒருவன் செத்தால் அவன் பயிரை அக்கம்பக்கம் அறுக்கும்; அதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. 'இந்த நிலம் உங்கள் பெயரில் இல்லை, திரும்பிச் செல்லவும்' என்று திரை நிமிடத்துக்கு ஒரு தரம் அதே உற்சாகமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. மைரன் தொப்பியைக் கழற்றித் திரைமேல் மாட்டினான்.

மத்தியானம் டாரில் காரில் வந்தான். சாப்பாட்டோடு நானும் அங்கே இருந்தேன். அவன் உண்மையாகவே கவலைப்பட்டான்.

"மைரன், இந்த ஒரு நிலத்துக்கு ரெண்டு மெஷின் போதும். நாலு நிக்குது. இது பெரிய விரயம். ஏன் எல்லாரும் வந்திருக்காங்க?"

"அவன் செத்துட்டான்பா."

டாரில் பட்டியலை எடுத்து நாற்பத்தொரு காரணத்தையும் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். காற்றில் தாள் படபடத்தது.

"இப்போதைக்கு 31 போட்டுக்கட்டுமா? வானிலன்னு?"

"போட்டுக்க," என்றான் மைரன்.

செல்மர் பயிரை அறுத்து முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. மிச்சம் ஒன்றரை நாளில் மைரன் தன்னுடையதில் பாதியை எடுத்தான். மதிப்பெண் முப்பத்தெட்டுக்கு இறங்கியதால் மறு முறை கிடைக்கவில்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதி பனி விழுந்தது. மற்ற பாதி அதற்குள் போயிற்று. நிலக்காரர் சொன்ன மாதிரியே குத்தகை நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். ஒரு நாள் பெல்ட் வாங்க வந்த மைரன், அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஏழு நிமிடம்தானே ஆகியிருக்கும் என்று மட்டும் சொன்னான். நான் பெல்ட்டின் நீளத்தை அளந்துகொண்டே இருந்தேன்.

இந்த வருடம் மே மாத முகாமில் கார்லீன் அம்மாள் புதிய காரணம் ஒன்றைச் சேர்த்திருப்பதாக அறிவித்தார். எண் 42, அண்டை நிலத்தார் மரணம். பருவத்துக்கு ஒரு முறை, சான்றிதழ் இணைக்க வேண்டும். "துக்கத்த இந்த அலுவலகம் மதிக்குது. அதனாலதான் அதுக்கு நாலு நிமிஷம் ஒதுக்கியிருக்கோம். பாத்ரூமுக்கு எவ்வளவோ அவ்வளவு. நாங்க எதுக்கும் பாரபட்சம் காட்டறதில்ல," என்றார்.

மைரன் 42-ஐத் தொடவே இல்லை. மிச்சமிருக்கும் சொந்த நிலத்தில் விதைக்கிறான். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த மூலையில் டிராக்டரை நிறுத்துகிறான். ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு கை விதையை மென்று, தோலைத் துப்பிக்கொண்டு ஏழு நிமிடம் உட்கார்ந்திருக்கிறான். திரை காரணம் கேட்கிறது. அவன் காலியாக விட்டுவிடுகிறான்.

திங்கள்கிழமை அவன் வரைபடத்தை அச்சடித்தேன். சிவப்புப் புள்ளி எண் நான்கு திரும்ப வந்திருந்தது. கோப்பிலிருந்து போன வருடத்து மே மாத வரைபடத்தை எடுத்து, இரண்டையும் கவுண்டர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஏதாவது ஒரு வித்தியாசம் வேண்டியிருந்தது. அதே மூலை, அதே அளவு, அதே சிவப்பு. செல்மர் வண்டியில்தான் பெட்டி கிடையாதே. அலுவலகத்தின் கணக்கில் மைரன் அந்த இடத்தில் எப்போதும் தனியாகத்தான் நின்றிருக்கிறான்.